பிளேடால் வெட்டிய ஒன்பது தாள்கள்

ஞானசேகரன் சார், நீங்கள் பொய் எழுதியிருக்கிறீர்கள்.

மேல்நிலை வகுப்பு ஆசிரியர்களுக்கென்று இந்த வருடம் வந்திருக்கும் செயல்திட்டக் கையேட்டில் நாற்பத்தொன்றாம் பக்கம். தலைப்பு, 'உயிரணுக்களை உறைக்குள் வைத்தல்'. கீழே ஓர் அட்டவணை. பத்து ஜெல்லி முத்துகள், பத்தும் ஒரே அளவு, பத்தும் முதல் முயற்சியில் வந்தவை. தேவையான பொருட்களில் 'குழாய்த் தண்ணீர்' என்று போட்டிருக்கிறது. அடியில், 'ஆம்பூர்ப் பள்ளி மாணவிகள் செய்து பார்த்தது' என்று ஒரு வரி. அந்த மாணவிகளின் விலங்கியல் ஆசிரியை நான். அப்போது நீங்கள் தலைமை ஆசிரியர். அந்த அட்டவணையில் இருக்கும் ஓர் எண்ணைக்கூட யாரும் அளக்கவில்லை. ஆம்பூர்க் குழாய்த் தண்ணீரில் அந்த முத்து வராது. அது உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. பாகாயத்தில் என் வீட்டில் சும்மாதான் இருந்தேன். போன மாதம் நெமிலிப் பக்கத்துப் பள்ளியிலிருந்து ஓர் இளம் ஆசிரியை போன் செய்தாள்.

"மேடம், கையேட்டுல இருக்கிற முத்து எக்ஸ்பெரிமென்ட் நீங்க பண்ணதாமே? எங்களுக்கு வரவே மாட்டேங்குது. ஆல்ஜினேட் மாவைத் தண்ணில போட்டாலே கொழகொழன்னு திரிஞ்சிப் போய்டுது. நாலு தடவை பண்ணிட்டேன். பசங்க சிரிக்கிறாங்க."

"இன்னா தண்ணி ஊத்தினே?"

"குழாயில வர்ற போர் தண்ணிதான் மேடம். புக்ல அப்படித்தானே இருக்கு?"

அவளுக்குப் பிறகு இன்னும் இரண்டு பேர் கேட்டார்கள். அதனால்தான் நம் சங்க இதழுக்கு இதை எழுதுகிறேன். படிக்கிறவர்கள் எல்லோரும் ஆசிரியர்கள். யாருக்கும் தெரியாத விஷயம் எதுவும் இதில் இல்லை.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒடுகத்தூர் பக்கம் நிலக்கடலை போடும் குடும்பம். வேலூருக்குப் பஸ்ஸில் போய் விலங்கியல் படித்தேன், பி.எட். முடித்தேன், ஆம்பூரில் உதவி பெறும் பள்ளியில் சேர்ந்தேன். முப்பத்தொரு வருடம் அதே பள்ளி, அதே ஆய்வகம்.

அந்த முப்பத்தொரு வருடத்தில் இருபத்தெட்டு வருடம் நான் செய்த வேலை இது. தண்ணீர்ச் செடியை வெளிச்சத்தில் வைத்து நிமிடத்துக்கு எத்தனை குமிழி வருகிறது என்று எண்ண வேண்டும். செடி வாடிப் போயிருக்கும், குமிழி வராது. பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். நான், "சீனியர் ரெக்கார்டைப் பாத்து எழுதுங்கடி, மணியாவுது" என்பேன். இருபது, நாற்பது, அறுபது என்று எழுதுவார்கள். நான் சிவப்பு மையில் கையெழுத்துப் போடுவேன். முதலில் எழுதும் ரஃப் நோட்டு குப்பைக்குப் போகும். அழகாகப் பார்த்து எழுதிய ரெக்கார்டு அலமாரிக்குப் போகும். அடுத்த வருடப் பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதுவார்கள். நம்மில் இதைச் செய்யாதவர் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள்.

ஓய்வுக்கு மூன்று வருடம் இருக்கும்போது புதுத் திட்டம் வந்தது. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பொறியாளர்களைப் போல ஒரு பொருளை வடிவமைக்க வேண்டும். தேவை என்ன, கட்டுப்பாடு என்ன என்று எழுத வேண்டும். செய்ய வேண்டும், சோதிக்க வேண்டும், தோற்றால் மாற்றிச் செய்ய வேண்டும். வேலூரில் இரண்டு நாள் பயிற்சி. பயிற்சி கொடுத்த அம்மா ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்: "ரெக்கார்டு வேணாம். ரஃப் நோட்டுதான் எங்களுக்கு வேணும். அடிச்சது திருத்தினது எல்லாம் அப்படியே இருக்கணும்." முப்பது வருடப் பழக்கத்தைத் தலைகீழாகத் திருப்புகிற பேச்சு. நாங்கள் தலையை ஆட்டிவிட்டு, டிபன் சாப்பிட்டுவிட்டு வந்தோம்.

எங்களுக்கு வந்த தலைப்பு உயிரணு உறை. உடம்புக்குள் வைக்கும் உயிரணுக்களை ஒரு ஜெல்லிக்குள் மூடி அனுப்புவது. சர்க்கரை உள்ளே போக வேண்டும், கழிவு வெளியே வர வேண்டும். ஆனால் உயிரணு வெளியே வரக் கூடாது, உடம்பின் காவல் அணுக்களும் உள்ளே போய் அதைக் கொல்லக் கூடாது. இன்சுலின் சுரக்கும் அணுக்களை இப்படி உள்ளே வைக்கலாமா என்று உலகம் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பள்ளியில் அதற்குப் பதில் பேக்கரி ஈஸ்ட். கடற்பாசியிலிருந்து எடுக்கும் சோடியம் ஆல்ஜினேட் மாவைத் தண்ணீரில் கரைத்து, ஈஸ்ட்டைக் கலந்து, ஊசி இல்லாத சிரிஞ்சால் கால்சியம் குளோரைடு கரைசலில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். சொட்டு விழுந்ததும் மேலே தோல் கட்டி முத்தாகிவிடும். முத்துகளைச் சர்க்கரைத் தண்ணீரில் போட்டால், உள்ளே இருக்கும் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று வாயு விடும், முத்து மேலே மிதந்து வரும். எத்தனை நிமிடத்தில் மிதக்கிறது என்று பார்க்க வேண்டும். தண்ணீர் கலங்கினால் ஈஸ்ட் கசிந்துவிட்டது, உறை தோற்றது. அவ்வளவுதான்.

வகுப்பில் ஐந்து குழுக்கள். நஸ்ரின் குழுவில் மூன்று பேர். நஸ்ரின் சத்தமாகப் பேச மாட்டாள், ஆனால் ஒன்றைப் பிடித்தால் விட மாட்டாள். அவள் அம்மா தினமும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறவர். முதல் நாளே கேட்டாள்:

"டீச்சர், இது வந்தா எங்கம்மாவுக்கு ஊசி வேணாமா?"

"வராது. நீ பண்றது ஈஸ்ட். உங்கம்மாவுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. ஆசையை வளத்துக்காதே."

"செரி டீச்சர். ஆனா எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சிக்கலாம் இல்ல?"

"அது தெரிஞ்சிக்கோ."

மாவைப் போட்டதும் திரிந்தது. கரையவில்லை. பழைய ரப்பரைக் கிழித்துப் போட்டது போல் கட்டி கட்டியாக நின்றது. சிரிஞ்சில் ஏறவில்லை. நஸ்ரினோடு இருந்த கோமதி பீக்கரைத் தூக்கிப் பார்த்து, "டீச்சர், ஜவ்வரிசி வரும்னீங்க. இது கூழு. ஊறுகா குடுங்க, குடிச்சிடலாம்" என்றாள்.

மாவைக் குறைத்துப் பார்த்தார்கள். கூட்டிப் பார்த்தார்கள். வெந்நீர், ஐஸ் தண்ணீர், அரை மணி நேரம் கலக்குவது, மிக்ஸியில் அடிப்பது. தினமும் சாயங்காலம் பள்ளி விட்டதும் ஒரு மணி நேரம். மற்ற நான்கு குழுக்களும் பயிற்சித் தாளில் இருந்த மாதிரி எண்களைப் பார்த்து எழுதி முடித்துவிட்டன. ஒரு முத்துகூட வராமலே முத்து மிதந்த நேரம் எழுதினார்கள். அதற்கும் நான் கையெழுத்துப் போட்டேன். நஸ்ரின் மட்டும் ரஃப் நோட்டில் ஒவ்வொரு நாளும் எழுதினாள்: மாவு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, எவ்வளவு நேரம் கலக்கினோம், முத்து வரவில்லை. மறுநாள், முத்து வரவில்லை. அப்படிப் பதினொரு முறை.

"சும்மா இருபது நிமிஷம்னு எழுதிட்டு வாடி, பேஜார் பண்ணாதே" என்றேன். நான்தான் சொன்னேன்.

"வரலியே டீச்சர்" என்றாள்.

மகள் தினமும் லேட்டாக வருகிறாள் என்று அவள் அப்பா கலீல் பாய் விசாரிக்க வந்தார். தோல் தொழிற்சாலையில் டிரம்மில் வேலை செய்கிறவர். செருப்பைக் கழற்றிவிட்டு ஆய்வக வாசலிலேயே நின்றார். உள்ளே வரச் சொன்னேன். பீக்கரைப் பார்த்தார். என்னைக் கேட்காமலே விரலை விட்டு, கட்டியை எடுத்துக் கட்டை விரலால் தேய்த்தார்.

"தண்ணி எங்கத்துது டீச்சர்?"

"இங்க போர்தான்."

சிரித்துவிட்டார். "போர் தண்ணியா! டிரம்ல தோலுக்கு எண்ணெய் ஏத்தும்போது இந்தத் தண்ணிய ஊத்தினா மொத்தமும் திரிஞ்சிடும். தோலு மேல பிசுபிசுன்னு ஒட்டிக்கும். மேஸ்திரி உசுர எடுத்துடுவாரு. அதுக்குன்னே தனியா தண்ணி புடிச்சி வெச்சிருக்கோம். உங்க வூட்டுல சோப்பு நுரைக்குதா?"

"அங்கியும் கம்மிதான்."

"பருப்பு வேவுதா?"

"கேன் தண்ணி ஊத்தினாதான் வேவும்."

"அப்பறம் இன்னா டீச்சர்? படிச்சவங்க நீங்க."

எனக்கு முகம் எரிந்தது. பக்கத்து அறையில் வேதியியல் ஆசிரியர் தண்ணீரின் கடினத்தன்மை என்று அதே பதினொன்றாம் வகுப்புக்கு ஒரு பாடமே நடத்துகிறார். எங்கள் ஊரில் வாளியில் உப்புப் படியாத வீடு கிடையாது. தண்ணீரில் கால்சியம் இருக்கிறது, கால்சியம் பட்டால் இந்த மாவு கட்டியாகும், முத்து கட்டுவதே அதனால்தான் என்று போர்டில் எழுதிப் போட்டது நான். ஆனால் தாளில் 'தண்ணீர்' என்று இருந்தது, குழாயைத் திறந்து பிடித்தோம். பதினொரு நாள் ஒருத்திக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

மறுநாள் நான் ஒரு கேன் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். அத்தோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். நஸ்ரின் மூன்று பீக்கர் எடுத்தாள். ஒன்றில் போர் தண்ணீர், ஒன்றில் கேன் தண்ணீர். மூன்றாவதில் கேன் தண்ணீரை ஊற்றி ஒரு சிட்டிகை கால்சியம் குளோரைடு போட்டாள்.

"அது இன்னாத்துக்கு?" என்றேன்.

"கேன் தண்ணி நல்லா இருக்குதுன்னா, வேற எதனாலயோகூட இருக்கலாம் இல்ல டீச்சர்? இதுவும் திரிஞ்சா, கால்சியம்தான்னு நிச்சயமாத் தெரிஞ்சிடும்."

மூன்றிலும் ஒரே அளவு மாவு போட்டாள். முதலாவது திரிந்தது. இரண்டாவது கண்ணாடி போல் கரைந்தது. மூன்றாவது, முதலாவதைப் போலவே திரிந்தது. முப்பத்தொரு வருடத்தில் என் ஆய்வகத்தில் ஒரு பிள்ளை தானாக யோசித்து ஒரு கேள்வி கேட்டு, அதற்குத் தானாகப் பதில் கண்டுபிடித்தது அந்த ஒரு தடவைதான். நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் வாங்கிக் கொடுத்தது தண்ணீர் மட்டும்.

அன்றைக்கு முத்து வந்தது. கோமதி கத்தினாள். சர்க்கரைத் தண்ணீரில் போட்டார்கள். முதல் முத்து பத்தொன்பதாவது நிமிடத்தில் மேலே வந்தது. சில முத்துகள் வால் வைத்தது போல் நீண்டிருந்தன, இரண்டு உடைந்து தண்ணீர் கலங்கியது. சிரிஞ்சைத் தூக்கிப் பிடித்தும் தாழ்த்திப் பிடித்தும், கால்சியம் கரைசலில் அதிக நேரம் வைத்தும் பார்த்தார்கள். நான்காம் நாள் கலங்கல் நின்றது. நோட்டில் எல்லாம் எழுதினாள். 'எங்கள் பள்ளி போர் தண்ணீரில் இந்த உறையைச் செய்ய முடியாது. அதில் உள்ள கால்சியம் காரணம்' என்று கடைசியில் எழுதியிருந்தாள்.

இப்போது உங்களிடம் வருகிறேன், ஞானசேகரன் சார்.

உங்களைப் பற்றி எல்லோரும் நல்ல விதமாகத்தான் சொல்வார்கள். நானும் சொல்கிறேன். நீங்கள் கத்த மாட்டீர்கள். பெண் பிள்ளைகளுக்கு ஒழுங்கான கழிப்பறை நீங்கள் வந்த பிறகுதான் வந்தது. சட்டைப் பையில் எப்போதும் ஒரு ரப்பர், பாதி பிளேடு, ஒரு பென்சில் இருக்கும். வருகைப் பதிவோ, மார்க் ஷீட்டோ, எங்கே கறை இருந்தாலும் நீங்களே உட்கார்ந்து பிளேடால் மெல்லச் சுரண்டி, நகத்தால் தேய்த்து வழவழப்பாக்குவீர்கள். பிறகு வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பீர்கள். தடம் தெரியாது. அதில் உங்களுக்கு ஒரு பெருமை.

வேலூர் கண்காட்சிக்கு முந்தின நாள் சாயங்காலம் நாலரை மணி. பிள்ளைகள் சாமான்களைப் பெட்டியில் கட்டி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். நீங்கள் நோட்டைக் கேட்டீர்கள். மேசையில் வைத்து முதலிலிருந்து கடைசி வரை நிதானமாகப் படித்தீர்கள்.

"டீச்சர், இதுல பாதி நோட்டு வரல வரலன்னு இருக்கு."

"ஆமா சார். அப்படியேதான் காட்டச் சொன்னாங்க."

"ஜட்ஜு ஒரு ஸ்டாலுக்கு பத்து நிமிஷம் நிப்பாரு. பத்து நிமிஷத்துல நம்ம தோல்வியப் படிக்கணுமா? அப்பறம் இது இன்னா, எங்கள் பள்ளித் தண்ணீர்ன்னு? நாளைக்கு கரஸ்பாண்டன்ட் வர்றாரு. அவரோட தோல் ஷெட் எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா? நம்ம பில்டிங் யார் கட்டிக் குடுத்தது?"

"தோல் ஷெட்டப் பத்தி அவ ஒரு வார்த்தை எழுதல சார். பாறையில இருந்து வர்ற தண்ணியே இங்க கடுசுதான். கால்சியம்னுதான் எழுதியிருக்கா."

"படிக்கிறவங்க அப்படிப் படிக்க மாட்டாங்க டீச்சர். ஷெட் கழிவுதான் தண்ணியக் கெடுத்துச்சும்பாங்க."

வேண்டாம் சார் என்று ஒரு தடவை சொன்னேன். ஒரே தடவை. நீங்கள் பிளேடை எடுத்தீர்கள். தைத்த நோட்டில் ஒரு தாளை வெட்டினால் அதன் ஜோடித் தாள் கழன்றுவிடும். அதனால் எது எதற்கு ஜோடி என்று பார்த்து, வேண்டாத தாள்களை மட்டும் முதுகுப் பக்கம் விளிம்பு விட்டு வெட்டினீர்கள். "டீச்சர், ஸ்கேலைக் கொஞ்சம் அழுத்திப் பிடிங்க, நகருது" என்றீர்கள்.

ஸ்கேலைப் பிடித்தது நான். இரும்பு ஸ்கேல். ஒன்பது தாள்களுக்கும் பிடித்தேன். பதினொரு தோல்வியும் மூன்று பீக்கரும் போய்விட்டன. கடைசி வாக்கியத்தை நீங்கள் சுரண்டி எடுத்தீர்கள். பென்சிலில் போட்டிருந்த பக்க எண்களை அழித்து, புதிதாக வரிசையாகப் போட்டீர்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தீர்கள். தடம் தெரியவில்லை. நோட்டைப் பெட்டிக்குள் வைத்தீர்கள். வெட்டிய தாள்களைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, "காலைல ஏழு மணி பஸ், மறந்துடாதீங்க" என்றீர்கள்.

நஸ்ரினிடம் நாம் இருவருமே சொல்லவில்லை. பஸ்ஸில் சொல்லலாம் என்று நினைத்தேன். பஸ்ஸில் அவள் சந்தோஷமாக இருந்தாள். சொல்லவில்லை.

நடுவராக வந்தவர் ஒரு கல்லூரிப் பேராசிரியை. நல்ல கேள்விதான் கேட்டார்.

"எத்தனாவது தடவைம்மா வந்துச்சு?"

"பதினொரு தடவை வரல மேடம். தண்ணிய மாத்தின அப்பறம்தான் வந்துச்சு. எல்லாம் எழுதியிருக்கேன், பாருங்க."

அவர் நோட்டைப் புரட்டினார். "இதுல முதல் நாளே வந்ததா இருக்கே?"

நஸ்ரின் நோட்டை வாங்கினாள். முன்னால் புரட்டினாள், பின்னால் புரட்டினாள். முதுகில் விரலை ஓட்டினாள். அப்புறம் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் நின்றேன். நீங்கள் என் பக்கத்தில் நின்றீர்கள். கரஸ்பாண்டன்ட் நம் பின்னால் நின்றார்.

"இருந்துச்சு மேடம்" என்றாள்.

"கஷ்டப்பட்டேன்னு காட்டறதுக்காகப் பொய் சொல்லக் கூடாதும்மா. முதல் தடவையே வந்தா, வந்துச்சுன்னு சொல்றதுல தப்பு இல்ல." பேராசிரியை தன் தாளில் ஏதோ எழுதிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கையில் கொடுத்த நோட்டைத்தான் அவர் படித்தார்.

மறுவாரம் பள்ளியின் காலைக் கூட்டத்தில், எல்லோர் முன்னாலும், "பேசும்போது மிகைப்படுத்திப் பேசுவதால் பள்ளிக்குக் கெட்ட பெயர்" என்று நீங்கள் பொதுவாகச் சொன்னீர்கள். பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லாமல் எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு ஆய்வகத்தில் நஸ்ரின் சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எழுதினாள். இருபது, நாற்பது, அறுபது. எல்லாம் சரியாக இருந்தது. பிளஸ் டூவில் நல்ல மார்க்தான். அறிவியல் வேண்டாம் என்று பி.காம். சேர்ந்தாள்.

நெமிலியிலிருந்து போன் வந்த மறுவாரம் நான் ஆம்பூருக்குப் போய் அவளைப் பார்த்தேன். ஒரு ஷூ கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை செய்கிறாள். சாப்பாட்டு நேரத்தில் கேட்டுக்கு வெளியே வந்தாள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் வெள்ளி மை பேனா. கையேட்டுப் பக்கத்தைக் காட்டினேன். படித்தாள்.

"குழாய்த் தண்ணியா?" என்று சிரித்தாள். கலீல் பாய் சிரித்த அதே சிரிப்பு. "டீச்சர், எங்க லைன்ல ஒரு ஷூ ரிஜெக்ட் ஆனா, எங்க தையல் போச்சு, எதனால போச்சுன்னு எழுதி ஒட்டணும். எழுதாம தூக்கிப் போட்டாதான் சூப்பர்வைசர் திட்டுவாரு. அடுத்த ஜோடியும் அப்படியே போவும் இல்ல?"

"நான் அன்னிக்கு ஸ்கேல் புடிச்சேன் நஸ்ரின்" என்றேன். அவளிடம் அதை அதுவரை சொன்னதில்லை.

பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். "தெரியும் டீச்சர். அன்னிக்கு உங்க மூஞ்சியப் பாத்தேனே" என்றாள்.

"உனக்கு இன்னா வேணும், சொல்லு."

"எனக்கு இன்னா வேணும்? நான் பொய் சொல்லலன்னு அவர் சொல்லணும். அன்னிக்கு எல்லாரும் இருக்கும்போதுதானே சொன்னாரு. எல்லாரும் இருக்கும்போது சொல்லட்டும்." சங்கு ஊதியது. உள்ளே போய்விட்டாள். மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சார், நீங்கள் இப்போது கையேட்டுக் குழுவில் இருக்கிறீர்கள். அந்த ஒன்பது தாள்களும் என்னிடம் இருக்கின்றன. அன்றைக்கு நீங்கள் கை கழுவப் போனபோது குப்பைக் கூடையிலிருந்து எடுத்து, புடவை மடிப்புக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பிடிப்பதற்குத் தைரியம் இருந்தது, எடுப்பதற்கும் இருந்தது, வாயைத் திறக்க மட்டும் இல்லை. அதற்கு நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நெமிலி ஆசிரியைக்கும் மற்ற இரண்டு பேருக்கும் அந்தத் தாள்களை நகல் எடுத்து அனுப்பிவிட்டேன். கேன் தண்ணீரில் மூன்று பள்ளியிலும் முத்து வந்துவிட்டது. நஸ்ரினின் மூன்று பீக்கரையும் செய்து பார்க்கச் சொன்னேன். செய்தார்கள். கால்சியம் இருந்த பீக்கர்களில் மட்டும் திரிந்தது.

வருகிற இரண்டாம் சனிக்கிழமை வேலூரில் இந்தக் கையேட்டுக்குப் பயிற்சி வகுப்பு. நஸ்ரின் நின்ற அதே மண்டபம். நீங்கள்தான் நடத்துகிறீர்கள். நானும் வருகிறேன், ஒன்பது தாள்களோடு. நாற்பத்தொன்றாம் பக்கத்தைத் திறந்து, மாவட்டத்து ஆசிரியர்கள் எல்லோரும் கேட்க மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள். அந்தப் பத்து முத்துகளை எந்தத் தண்ணீரில் செய்தீர்கள்? யார் அளந்தது? நஸ்ரின் பொய் சொன்னாளா, இல்லையா?

ஸ்கேலைப் பிடித்தது நான்தான் என்று இங்கே நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். பிளேடைப் பிடித்தது யார் என்று நீங்கள் எழுந்து நின்று சொல்லுங்கள்.